ஆறு நிரவிய மைதானம்

மறையூரில் பஸ் ஏறி மூணாறுக்குப் புறப்படுகிறவன், சந்தன வனத்தைக் கடந்து தேயிலைச் சரிவுகளுக்குள் நுழைந்து செல்லும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு பந்தை வைத்தால் உருண்டோடாமல் நிற்கக்கூடிய இடத்தைக் காண்பது அபூர்வம். ஆகையால் பழைய மூணாறின் ஆற்றோரத் தாழ்வில் விரிந்து கிடக்கும் விளையாட்டு மைதானங்கள் கண்ணில் பட்டதும், இத்தனை மலைகளுக்கு நடுவே இந்தச் சமதளம் எவ்விதம் வாய்த்தது என்ற வினா தானாகவே எழுகிறது.

விடை ஆற்றிடமே இருக்கிறது. செங்குத்தாக இறங்கிவரும் பிரவாகம், பள்ளத்தாக்கு அகன்ற இடத்தில் வேகம் தணிந்து, தான் சுமந்துவந்த மணலையும் வண்டலையும் இறக்கிவைக்கிறது. யுகக்கணக்கில் அவ்வாறு நிரவப்பட்ட நிலமே மலைநாட்டு ஜனங்களுக்குக் கிடைக்கும் சமதளம். மூன்று ஆறுகள் கூடுவதால் பெயர்பெற்ற மூணாற்றில், கடைவீதியும் பந்தாட்டமும் அந்தக் கொஞ்ச நிலத்தையே பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. இப்படி நீரோர நிலத்தை ஆட்டமும் ஊரும் பகிர்ந்துகொள்வது வேறிடத்திலும் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பாலின் முதல்தர அணிகளுக்குக் கீழே சிறிய ஊர்களின் அணிகள் ஆடும் இரண்டாந்தர லீக்குகள் உண்டு; அந்த அணிகளின் அரங்குகள் சில துறைமுகத்தையும் கடற்கரையையும் ஒட்டி எழுந்து, ஆட்டமில்லாத நாட்களில் கச்சேரிக்கும் ஊர்விழாவுக்கும் இடந்தருகின்றன.

அதற்கு நிகராக நம் மலையில் சொல்லத்தக்கது ஃபின்லே கேடயத்துக்கான கால்பந்துப் போட்டி. வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் தொடங்கிய இதில் எஸ்டேட்டுக்கு ஓர் அணி. காலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவனே மாலையில் பந்தை உதைக்கிறான், தொழிலாளர் குடியிருப்பான லயமே திரண்டுவந்து அவனுக்காகக் கத்துகிறது. 1897-இல் ஸ்காட்லாந்தின் ஃபின்லே நிறுவனத்தார் தொடங்கிய கம்பெனியின் தோட்டங்கள் 2005-இல் தொழிலாளர்களே பங்குதாரர்களாகிய கம்பெனிக்கு வந்துசேர்ந்த பின்னும் கேடயம் பழைய பெயரை விடவில்லை. பெயரை மாற்றவேண்டுமென்று யாரும் அவசரப்படாததும் எனக்கு இயல்பாகவே படுகிறது.

அரசு இங்கே விளையாட்டு வீரர்களுக்கென்று உயர்மலைப் பயிற்சி மையமும் அமைத்தது. பிராணவாயு குறைந்த உயரத்தில் பழகும் உடல் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளும் என்பதே அதன் தத்துவம். ஆனால் அதன் பூரண பலனுக்கு 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் வேண்டுமென்பர். சுமார் 1,500 மீட்டரில் நிற்கும் மூணாறு, குளிர்ச்சியையே தாராளமாகத் தருகிறது.

கொடுத்த ஆறு திரும்பக் கேட்பதும் உண்டு. 1924 ஜூலை வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையே வாரிக்கொண்டு போயிற்று. 2018 ஆகஸ்டிலும் பழைய மூணாறில் நீர் ஏறிற்று. ஆற்றைப் போலக் கடலும் மைதானத்தைக் கேட்பதுண்டு. இலங்கையில் காலி கோட்டையருகே கடலோரமாக உள்ள கிரிக்கெட் மைதானத்தை 2004-இல் ஆழிப்பேரலை மூடி வடிந்த பின், வீடிழந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள், நிவாரண ஹெலிகாப்டர்களும் அங்கேயே இறங்கின. மறுபடி டெஸ்ட் ஆட்டம் நடக்க 2007 டிசம்பர் ஆயிற்று.

ஹெலிகாப்டர் என்ற சொல் மூணாற்றின் முதியவர்களுக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தும். 1984 நவம்பர் 7 அன்று, கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று ஊருக்குமேல் வட்டமிட்டு இறங்க முனைந்ததைக் காணும் ஆவலில், பள்ளிப் பிள்ளைகள் முதிரைப்புழை ஆற்றின் தொங்குபாலத்தில் ஒரே கூட்டமாக ஓடினார்கள். பாலம் பாரந்தாங்காமல் அறுந்தது. மாண்ட பிள்ளைகள் 14 பேர்.