நான்காம் வகுப்பில் இடறும் வாசிப்பு

அமெரிக்கப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கப்படும் ஆங்கிலப் பாடம் 'ஆங்கில மொழிக்கலை' என்று வழங்கப்படுகிறது. வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் ஆகிய நான்கும் அதில் அடங்கினும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டுக் கல்வியாளர்களைப் பிளவுபடுத்தி வந்திருப்பது அவற்றுள் முதலாவதே. தமிழ் எழுத்துகளைக் கற்றுத் தேர்ந்த குழந்தை, பொருள் தெரியாத சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். ஆங்கிலத்திலோ 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்க வேண்டியிருப்பதோடு, 'ஓ, யு, ஜி, ஹெச்' என்னும் ஒரே எழுத்துச்சேர்க்கை 'த்ரூ' என்ற சொல்லில் ஊகாரமாகவும், 'தோ' என்ற சொல்லில் ஓகாரமாகவும், 'டஃப்' என்ற சொல்லில் முற்றிலும் வேறாகவும் ஒலிக்கிறது. ஐரோப்பிய மொழிகள் பதின்மூன்றை ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வொன்று, தொடக்கநிலை வாசிப்பில் ஆங்கிலக் குழந்தைகளே மிக மெதுவாக முன்னேறுவதாகக் கண்டதில் வியப்பில்லை.

ஒழுங்கற்ற இவ்வெழுத்துமுறையை ஒலிவாரியாகக் கற்பிப்பதா, கதைகளின் ஊடாகத் தானே பிடிபட விடுவதா என்பதே வழக்கு. வாசிப்பு ஆய்வாளர் ஜீன் சால் 1967இல் வெளியிட்ட நூல், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்பிக்கும் 'ஃபோனிக்ஸ்' முறையின் பக்கம் சான்றுகள் நிற்பதைக் காட்டியது. அதே ஆண்டில் கல்வியாளர் கென் குட்மேன், வாசிப்பு என்பது சூழலைக்கொண்டு சொற்களை ஊகிக்கும் செயல் என்று வாதிட்டார். படத்தையும் முதலெழுத்தையும் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் பழக்கம் பல்லாயிரம் வகுப்பறைகளில் வேரூன்றியது குட்மேனின் கருத்துவழியில்தான். அரிச்சுவடியில் விரல்வைத்துப் படித்த சமூகத்துக்கு இது விந்தையாகத் தோன்றலாம். 2000ஆம் ஆண்டில் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, ஒலியுணர்வு, ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், பொருளுணர்தல் என்னும் ஐந்தையும் முன்னிறுத்திய பிறகும் பூசல் ஓயவில்லை.

எனினும் எழுத்துக்கூட்டல் கைவந்துவிட்டால் வாசிப்பு கைவந்துவிடும் என்று கொள்வதும் பிழையே. கஃப், டன்மர் ஆகியோர் 1986இல் முன்வைத்த எளிய கோட்பாட்டின்படி, பொருளுணர்ந்த வாசிப்பு என்பது எழுத்துக்கூட்டும் திறனும் மொழிப்புரிதலும் சேர்ந்த கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று சுழியானால் விளைவும் சுழியாகும். மூன்றாம் வகுப்பு வரை குழந்தை வாசிக்கக் கற்கிறது என்றும், நான்காம் வகுப்பிலிருந்து கற்பதற்காக வாசிக்கிறது என்றும் பகுத்த சால், அதுவரை தடையின்றிப் படித்துவந்த ஏழைக் குழந்தைகள் அறிவியல், வரலாற்றுப் பாடங்களின் புதிய சொற்களை எதிர்கொண்டதும் பின்தங்குவதை 'நான்காம் வகுப்புச் சரிவு' என்று குறித்தார். 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டமொன்றை விவரிக்கும் பகுதியைக் கொடுத்துச் சோதித்தபோது, அவ்விளையாட்டை நன்கறிந்த 'பலவீன' வாசகர்கள், அதை அறியாத 'திறமையான' வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தனர். வாசிப்புத் திறன் என்று தனியே அளக்கப்படுவதில் பெரும்பங்கு உண்மையில் முன்னறிவே என்பதை இத்தனை சிக்கனமாகக் காட்டிய சோதனை வேறு அரிது.

ஃபோனிக்ஸ் பலன் தரும், ஆனால் அது மட்டும் போதாது என்னும் இரண்டு உண்மைகளையும் மிசிசிப்பி மாநிலத்தின் அனுபவம் ஒருசேரக் காட்டுகிறது. ஃபோனிக்ஸ் அடிப்படையிலான ஆசிரியர் பயிற்சியையும், மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க இயலாதோரை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் விதியையும் 2013இல் சட்டமாக்கிய அம்மாநிலம், தேசிய மதிப்பீட்டின் நான்காம் வகுப்பு வாசிப்பில் அந்த ஆண்டில் வகித்த 49ஆம் இடத்திலிருந்து 2019இல் 29ஆம் இடத்துக்கு உயர்ந்தது. எட்டாம் வகுப்பிலோ அதற்கீடான ஏற்றம் தென்படவில்லை.

பெரும்பாலான மாநிலங்கள் 2010 முதல் ஏற்ற பொதுத் தரநிலைகள் மேல்வகுப்புகளின் இக்குறையை முன்னுணர்ந்தே அமைந்தவை எனலாம். மாணவர் வாசிப்பவற்றுள் தகவல்சார் எழுத்தின் பங்கு நான்காம் வகுப்பில் பாதியாகவும் பன்னிரண்டாம் வகுப்பில் 70 விழுக்காடாகவும் இருக்கவேண்டும் என்று அவை வகுத்தன. வரலாறு, அறிவியல் உள்ளிட்ட எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட அளவு அது. ஆனால் அந்த 70 விழுக்காட்டையும் ஆங்கில ஆசிரியர் தம் வகுப்பிலேயே நிரப்பவேண்டும் என்று பலர் புரிந்துகொண்டதால், நாவலுக்கும் கவிதைக்கும் இடம் பறிபோவதாக எழுந்த கண்டனம் ஆங்கிலப் பாடத்தின்மீதே விழுந்தது. வரலாற்று ஆசிரியரின் பொறுப்பு பேச்சில் அடிபடவே இல்லை.