என்பினூடு மருந்தேற்றலும் அதனைப் பயிலும் மாதிரியுருக்களும்

உடலிலே நீரும் குருதியும் குன்றி அதிர்ச்சியுற்ற பிள்ளைக்கு நாளத்தினூடாகச் சேலைன் ஏற்றுதல் வேண்டும். ஆயின் அத்தகைய நிலையிலேதான் நாளங்கள் சுருங்கித் தோலின்கீழ் மறைந்துவிடுகின்றன. டெங்குக் காய்ச்சல் முற்றிய பிள்ளையொன்று பொல்பிட்டியவை அடுத்த தோட்டத்திலிருந்து மலைப்பாதையால் வைத்தியசாலைக்கு வந்து சேர்வதற்கே நெடுநேரம் கழிந்துவிடும். அதன்பின் நாளந்தேடிப் பன்முறை குத்துதற்கு நேரம் ஏது?

என்பு மச்சையோ அங்ஙனம் மறைவதன்று. அதன் நுண்ணிய குருதிக் குழிகளை வன்மையான என்புச்சுவர் தாங்கி நிற்றலால் அவை சுருங்கா. அங்கு செலுத்திய மருந்து விரைவிலே இதயத்தை அடையும். 1922இல் ஹாவட் பல்கலைக்கழகத்துச் சிசில் டிறிங்கர் இவ்வழியை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற வீரர்க்கும் இது பயன்பட்டது. பின்னர்ப் பிளாஸ்ரிக் நாளக்குழாய்கள் பரவவே மேலைநாட்டார் இதனை மறந்தனர். மறந்ததை நினைவூட்டியது நம் அயல்நாடு என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் வாந்திபேதி பரவிய காலத்து என்பினூடு நீரேற்றி உயிர்காத்தமையைக் கண்ட ஜேம்ஸ் ஓலோவ்ஸ்கி என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 1984இல் அம்முறையை வற்புறுத்தி எழுதினார்.

ஊசியிடும் இடம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணைக்கால் உள்ளென்பின் தட்டையான உட்பக்கம். வளர்ச்சித் தட்டுக்கு ஊறு நேராவண்ணம் ஊசிமுனை மூட்டினின்றும் விலகி நிற்றல் வேண்டும். அழுத்தித் திருகிச் செல்கையில், புறவோட்டைக் கடந்த கணத்தே தடை சட்டென நீங்கும். இவ்வுணர்வே முழு வித்தையும் என்க. அதனை அறியாதவன் கை, மறுபுறச் சுவரையும் துளைத்துவிடும். நூலிற் படித்து இதனைப் பெறுதல் இயலாது. ஆபத்திலுள்ள பிள்ளையின் காலிற் பழகுதலோ தகாது.

ஆதலின் மாதிரியுருக்கள் வேண்டப்பட்டன. பிளாஸ்ரிக்காற் செய்த கால் இடத்தைக் கற்பிக்கும்: முழங்காற் சில்லையும் என்பு முனைப்பையும் தடவி அறியலாம்; உள்ளே நிரப்பிய செந்நீரை ஊசியால் இழுத்தும் பார்க்கலாம். ஆயின் பலர் பயின்றபின் பழைய துளையிலேயே ஊசி எளிதாக இறங்கிவிடும். மாணாக்கனோ தான் கைதேர்ந்துவிட்டதாக மகிழ்வான்! என்புத் துண்டை அடிக்கடி மாற்றாவிடின் அப்பயிற்சி வீணே. மற்றொன்று, சமைக்காத கோழிக்கால். சைவ உணவினர் முகஞ்சுளிக்கலாம். எனினும் மெய்யான என்பு தரும் அந்தத் தடையை விலையுயர்ந்த உருவங்களும் எளிதிலே தருவதில்லை. சந்தையிற் கிடைப்பது, செலவும் சிறிது. ஆனால் பிள்ளையின் முழங்கால் அமைப்பு அதிலே இல்லை. எனவே கைக்குக் கோழிக்காலும் கண்ணுக்குப் பிளாஸ்ரிக் காலும் என இரண்டையும் சேர்த்துப் பயிற்றுவதே என் கருத்தில் நன்று. முப்பரிமாண அச்சினால் வார்க்கும் என்புகளும் இப்போது வந்துள்ளன.

எதிற் பயின்றாலும் ஒன்றைத் தொடக்கத்திலேயே பழக்குதல் வேண்டும்: காலைத் தாங்கும் மறுகையை ஊசி செல்லும் நேருக்குப் பின்னே வைத்தலாகாது. மாதிரியுருவில் ஒருவர் அங்ஙனம் கைவைப்பின், ஆசிரியர் உடனே நிறுத்தி மீண்டும் தொடங்குவிக்கலாம். ஊசி தானே நிமிர்ந்து நிற்கின்றதா, செலுத்திய நீர் தடையின்றிச் செல்கின்றதா, கெண்டைப்புறம் வீங்குகின்றதா என்பவற்றையும் பார்க்கப் பழக்குவர். விழிப்பாயிருக்கும் பிள்ளைக்கு மச்சையினுள் நீர் பாய்கையில் வலி மிகும். அதற்கென முன்னரே சிறிது மரப்பு மருந்து செலுத்துதலைப் பொம்மைக்காலிலும் விடாது செய்து பார்த்தல் நலம். அருகிச் செய்யும் தொழிலாதலின் கை விரைவில் மறக்கும். சில திங்களுக்கு ஒருமுறை மருத்துவரும் தாதியரும் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம்.