லீவு நாலு நாள்... நாவல் எத்தனை?

ராமநாதபுரம் பக்கம் வெயிலைப் பற்றிப் புலம்புகிறவர் நிச்சயம் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். உள்ளூர்க்காரர்களுக்கு வெயில், சம்பந்தி வீட்டு மனுஷர் மாதிரி. வருவார், உட்காருவார், லேசில் கிளம்ப மாட்டார். இந்த வெயிலில் கடலுக்கே லீவு விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் கரைகளில் விசைப்படகுகள் கட்டிப்போட்டபடி சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

மீனுக்கு 61 நாள். நமக்கு? கேஷுவல் லீவ் இரண்டு, கூடவே சனி ஞாயிறு, ஆக மொத்தம் நாலு. அதற்குள் 22 தீர்த்தத்திலும் குளித்து, தனுஷ்கோடியைப் பார்த்து, மிச்ச நேரத்தில் விறுவிறுப்பாக ஏதாவது படிக்க வேண்டும் என்று கிளம்புகிறவரா நீங்கள்? வாருங்கள், பையில் எதை வைப்பது என்று பார்ப்போம்.

மூன்று பக்கச் சோதனை

அட்டையைப் பார்த்து நாவல் வாங்காதீர்கள். அட்டையில் துப்பாக்கி இருக்கும், உள்ளே மாமியார் - மருமகள் சண்டை இருக்கும். கடையில் நின்றபடியே முதல் மூன்று பக்கத்தைப் படியுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். மூன்றாவது பக்கம் முடியும்போது மனசு 'அப்புறம்?' என்று கேட்டால் வாங்கலாம். 'டீ சாப்பிடலாமா?' என்று கேட்டால் டீ சாப்பிடலாம்.

அடுத்தது பாம்பன் பாலச் சோதனை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் ரிட்டயர் ஆகிவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து புதுப் பாலத்தில் வண்டி போகிறது. இரண்டு பக்கமும் நீலமாய்க் கடல். அந்த இரண்டு கிலோமீட்டரும் ஒருத்தர் நிமிராமல் படித்தால், முதலில் அவர் தூங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் நாவலின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி வண்டிக்கு

எழும்பூரில் ஏறினால் ஒரு முழு ராத்திரி இருக்கிறது. இதற்குப் பாக்கெட் நாவல்தான் லாயக்கு. ராஜேஷ்குமார் 1500-க்கும் மேல் எழுதியிருக்கிறார். 'எல்லாம் படித்தாச்சு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா ஜோடி அரட்டை அடித்துக்கொண்டே கேஸை முடிப்பார்கள். சுபாவின் நரேந்திரன் - வைஜெயந்தியும் அப்படியே. சுபா என்ற பெயரைப் பார்த்து மனசுக்குள் ஏதாவது உருவம் வரைந்துகொண்டால் கம்பெனி பொறுப்பல்ல. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு ஆண்கள்.

கொஞ்சம் மூளைக்கும் வேலை வேண்டுமா? சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் தடுமாறுகிற கதை. ஒன்பது மணிக்கே லைட்டை அணைக்கச் சொன்ன கீழ் பெர்த் மாமாவிடம், பத்தரை மணிக்கு நீங்களே 'கொஞ்சம் போடுங்களேன்' என்று கெஞ்சுவீர்கள். மொழிபெயர்ப்பு பிடிக்குமென்றால் அகதா கிறிஸ்டி. 1934-ல் வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலைக் கதையில் ரயில் பனியில் மாட்டிக்கொள்ளும். பரமக்குடி தாண்டி அனல் அடிக்கும்போது அதைப் படித்தால் சாதா கோச்சிலேயே ஏ.சி. இலவசம்!

கடற்கரைக்கு

சாண்டில்யனின் 'கடல் புறா' மூன்று பாகம். கருணாகர தொண்டைமான் கப்பல் ஏறிவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது, கதாநாயகி வர்ணனையைத் தவிர. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை முதல்முறை தொடுகிறவர்கள் உஷார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ஐந்து பாகம். வந்தியத்தேவனோடு குதிரை ஏறினால் நாலு நாள் லீவு நாற்பது நாளாகும், மேனேஜர் உங்கள் மேல் ஏறுவார். முதல் பாகத்தோடு இறங்கிவிடுவது உத்தமம்.

இன்னொரு விஷயம். தனுஷ்கோடிக் காற்று உங்களைவிட வேகமாகப் பக்கம் புரட்டும். பசையில் ஒட்டிய புத்தகம் வெயிலில் இதழ் இதழாகக் கழன்றுவிடும். தைத்த பைண்டிங்காகப் பார்த்து வாங்குங்கள். செல்போனில் படிக்கலாம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வெயிலில் திரையில் உங்கள் மூஞ்சிதான் தெரியும்.

நம்ம ஜில்லாக்காரர்

'க்ரைம் நாவலா படிக்கிறே?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் எல்லா ஆபீஸிலும் ஒருத்தராவது உண்டு. விறுவிறுப்பு ஒரு அலமாரி, இலக்கியம் வேறு அலமாரி என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பென்று காட்டிய மனிதர் ப.சிங்காரம். பிறந்த ஊர் சிங்கம்புணரி. 1985-ல் பிரிப்பதற்கு முன்னால் அதுவும் ராமநாதபுரம் ஜில்லாதான். இளம் வயதில் இந்தோனேஷியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனார். திரும்பி வந்து மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார்.

அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் புத்தகமாக வந்தது. ஜப்பான் படை மேடானுக்குள் நுழைகிறது. வட்டிக்கடை, பேரேடு, பற்று வரவு என்று இருந்த நம்மூர்ப் பையன் பாண்டியன், நேதாஜியின் ராணுவம் வரை போகிறான். துப்பாக்கிச் சண்டை உண்டு, சாகசம் உண்டு, நடுக்கடலில் புயலும் உண்டு. நம்மைப் போல ஒரு லெட்ஜர் கேஸுக்கு இவ்வளவும் நடக்கிறது! எங்கேயோ பினாங்குத் தெருவில் நிற்கிறவன் மனசு மதுரைத் தெருவுக்கு ஓடிவரும் இடங்களில் உங்களுக்குத் தொண்டை அடைக்கும்.

இன்று இதைத் தமிழின் பெரிய நாவல்களில் ஒன்று என்கிறார்கள். வந்த காலத்தில் கண்டுகொண்டவர்கள் சொற்பம். 'கடலுக்கு அப்பால்' ஒன்று, இது ஒன்று. இரண்டோடு பேனாவை மூடிவிட்டார். 1997-ல் காலமானார்.

அதனால் பையில் இரண்டு ஜாலி நாவல் வையுங்கள். மூன்றாவதாக யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றை, அதே மூன்று பக்கச் சோதனை வைத்துத் தேர்ந்தெடுங்கள். படித்ததைப் பரணில் போடாமல் யாருக்காவது கொடுங்கள். ராமேஸ்வரத்தில் எஸ்.டி.ஆர்.மாணிக்கம் என்பவர் வீட்டு நூலகத்திலிருந்து ஒரு சிறுவன் புத்தகம் இரவல் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பிற்பாடு அதைத் தன் சுயசரிதையில் எழுதினான். பெயர் அப்துல் கலாம்.

புத்தகக் கடையில் நாம் நீட்டுகிற நோட்டு நம் நாலு நாள் லீவுக்கு மட்டுமல்ல. எந்த எழுத்தாளர் மூன்றாவது நாவல் எழுத உட்காருவார் என்பதும் அதில் இருக்கிறது. சிங்காரத்துக்கு அந்த நோட்டு லேட்டாகப் போய்ச் சேர்ந்தது.