தனித்திருக்க அஞ்சும் நாயும் பூனையும்

காலை ஏழு மணி. தாய் தாம் கற்பிக்கும் பாடசாலைக்கும், தந்தை கந்தோருக்கும், பிள்ளைகள் தத்தம் வகுப்புகளுக்கும் புறப்பட்டுவிடுகின்றனர். படலை சாத்தப்படுகிறது. ஒழுங்கை முடக்கில் மோட்டார்ச் சைக்கிளின் ஓசை மறையுமுன்னரே, வீட்டினுள் விடப்பட்ட நாய் ஊளையிடத் தொடங்குகிறது. பிற்பகலில் வீடு திரும்புவோர் காண்பது கதவின் அடிப்பலகையிற் புதிய கீறல்களும், குதறப்பட்ட ஒரு சப்பாத்தும், விறாந்தையிலே தேங்கிக் கிடக்கும் சிறுநீருமே. அயல்வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, காலை முழுவதும் காது கொடுக்க முடியவில்லை என முறையிடுகின்றனர். நாயோ வாலை ஒடுக்கி, காதுகளைத் தாழ்த்தி, மூலையிற் பதுங்குகிறது. "செய்த குற்றம் அதற்கே தெரிகிறது" என்று கூறி, வேலியிலிருந்து ஒரு பூவரசங் கம்பு முறிக்கப்படுகிறது.

அந்தத் தீர்ப்பு பிழையானது. நாயின் முகத்திற் காணப்படும் அத்தோற்றம் குற்றவுணர்வுதானா என்பதை 2009 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளரான அலெக்சாந்திரா ஹோரோவிற்ஸ் 14 நாய்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தார். தின்பண்டம் ஒன்றைத் தொடக்கூடாதென நாய்க்குக் கட்டளையிட்டு உரிமையாளர் வெளியே சென்றார். அவர் திரும்பியபோது, நாய் அதனைத் தின்றதா இல்லையா என்பது சில வேளைகளில் உள்ளவாறும், சில வேளைகளில் மாற்றியும் அவருக்குச் சொல்லப்பட்டது. தின்றதாக நம்பியவர் நாயைக் கடிந்துகொண்டார். கண்ட முடிவு யாது? தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. கடிந்துகொள்ளப்பட்ட நாயிடமே அந்த ஒடுங்கிய தோற்றம் மிகுதியாயிருந்தது. அதிலும், ஒரு குற்றமும் செய்யாது ஏச்சு வாங்கிய நாயிடம் அது மிகத் தெளிவாகக் காணப்பட்டது. எனவே, மூலையிற் பதுங்கும் நாய் சப்பாத்தை எண்ணி வருந்தவில்லை. எதிரே நிற்பவரின் குரலையும் கையையும் கண்டு அஞ்சுகிறது.

காலை ஏழேகாலுக்குக் கடித்த சப்பாத்துக்குப் பிற்பகல் இரண்டரைக்கு விழும் அடியை நாயினால் அச்செயலோடு தொடுத்துப் பார்க்க இயலாது. அது கற்றுக்கொள்வது ஒன்றே: வீட்டார் போனால் அச்சம், வந்தால் அடி. மறுநாட் காலையில் அதன் கலக்கம் முன்னையிலும் கூடுவதில் வியப்பில்லை.

தனிமையில் விடப்பட்ட நாயின் இக்கலக்கத்தை விளங்கிக்கொள்ள வழிகாட்டியது மனிதக் குழந்தையைப் பற்றிய ஆராய்ச்சியேயாகும். தாயைப் பிரிந்த குழந்தைகளின் நிலைபற்றி ஆங்கிலேய மனநோய் மருத்துவரான யோன் போல்பி 1951 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். பற்றுப்பிணைப்பு எனும் கொள்கை அவ்வழியிலேதான் வளர்ந்தது. பின்னர் மேரி ஐன்ஸ்வேர்த் என்னும் உளவியலாளர், முன்பின் அறியாத அறையொன்றில் தாயும் குழந்தையும் சிறிது நேரம் பிரிந்து மீண்டும் சேரும்போது குழந்தை நடந்துகொள்ளும் விதத்தை முறையாக நோக்கும் ஒரு சோதனையை வகுத்தார். அதே சோதனையை அங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் நாய்களிடம் நிகழ்த்தி, அதன் பேறுகளை 1998 இல் வெளியிட்டனர். அதில் 51 நாய்கள் தத்தம் உரிமையாளருடன் கலந்துகொண்டன. உரிமையாளர் அருகில் இருக்கையில் அவை அறையைச் சுற்றி ஆராய்ந்தன, விளையாடின. அவர் போனதும், அந்நியர் ஒருவர் உடனிருந்தும், கதவருகே சென்று நின்றன. குழந்தைக்குத் தாய் எவ்வாறோ, அவ்வாறே நாய்க்கு அதன் மனிதர் அஞ்சாமைக்குரிய ஓர் ஊன்றுகோலாய் அமைகின்றார் என்பது இதனாற் பெறப்பட்டது.

ஊன்றுகோல் போனவுடன் எல்லா நாயும் விழுந்துவிடுவதில்லை. பெரும்பாலானவை வாசலிற் சுருண்டு படுத்து உறங்கிவிடும். வீட்டின் ஒழுங்கு திடீரென மாறும்போதே தொல்லை பெரும்பாலும் தலைகாட்டுகிறது. வீடு மாறுதல், வீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் மறைதல், மூத்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுதல் முதலியன அத்தகைய மாற்றங்கள். 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது வாரக்கணக்கில் வீடுகள் நிறைந்திருந்தன. அக்காலத்திற் கொண்டுவரப்பட்ட குட்டிகள் ஆளில்லாத வீடு என்ற ஒன்றை அறியாமலே வளர்ந்தன. பின்னர் பாடசாலைகளும் கந்தோர்களும் திறந்து எல்லோரும் ஒருசேரப் புறப்பட்டபோது, அவற்றுட் சில நிலைகுலைந்தமை இயல்பே.

ஆயினும், கடித்தலெல்லாம் கலக்கமன்று. இளநாய் பொழுது போகாமையாலும் கடிக்கும். வீட்டார் இருக்கும்போதும் கடிக்கும். அச்சத்தாற் கடிக்கும் நாய், வீட்டார் சென்ற வழியாகிய கதவையும் யன்னலையுமே பெரிதும் தாக்கும். புறப்பட்டு அரை மணித்தியாலத்துக்குள்ளேயே இது பெரும்பாலும் தொடங்கிவிடும். வாயிலிருந்து எச்சில் ஒழுகும்; மூச்சிரைக்கும்; விருப்பமான உணவு முன்னே கிடந்தாலும் தொடாது. இவற்றை அறிய இன்று பெருஞ்சிரமம் இல்லை. கைத்தொலைபேசியைக் கதிரையொன்றின் மேற் சாய்த்து வைத்து, அரை மணி நேரம் ஒளிப்பதிவு செய்தாற் போதும். அப்பதிவைப் பார்த்தபின் கம்பைத் தேடுவோர் மிகச் சிலராகவே இருப்பர். இடிமுழக்கத்துக்கோ சீனவெடிக்கோ அஞ்சும் நாயும், சிறுநீர்ப்பை நோயுற்ற நாயும், முதுமையால் அறிவு தளர்ந்த நாயும் இதே குறிகளைக் காட்டக்கூடுமாதலால், முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுவது முறையாகும்.

இனி, பரிகாரம். புறப்பாட்டின் குறிகளை நாய் நன்கறியும். திறப்புக்கோவை கலகலத்தல், குடை எடுத்தல், சப்பாத்து அணிதல் ஆகிய ஒவ்வொன்றும் அதற்கு அபாய அறிவித்தல். ஆகவே, அக்குறிகளின் பொருளை முதலிற் கெடுத்துவிடல் வேண்டும். திறப்பை எடுத்துக்கொண்டு கதிரையிற் போய் அமர்ந்து செய்தித்தாள் வாசிக்கலாம். குடையை விரித்துவிட்டு அடுக்களைக்குட் போய்வரலாம். காண்போர்க்கு நகைப்பாயிருப்பினும், நாளுக்குப் பலமுறை இவ்வாறு செய்யச் செய்யத் திறப்பின் ஓசை வெறும் ஓசையாகிவிடும்.

அடுத்தது உண்மையான பிரிவு. ஆனால் மிகச் சிறியது. கதவுக்கு வெளியே ஐந்து விநாடி நின்று, நாய் கலங்குமுன்னரே திரும்பி வருதல் வேண்டும். பின்னர் பத்து விநாடி, இருபது விநாடி. நடுவில் மீண்டும் ஐந்து. ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போனால், அடுத்தது இன்னும் நீளும் என்பதை அது கண்டுகொள்ளும். குரைத்தபின் திரும்பி வந்தால் பயிற்சி ஓரடி பின்னோக்கிப் போயிற்று எனக் கொள்க. பிரிந்த நேரம் அதன் தாங்குதிறனைக் கடந்துவிட்டது என்பதே அக்குரைப்பின் பொருள். முதல் அரை மணித்தியாலத்தை எட்டுவதே கடினம். அதற்குப் பல வாரங்களும் செல்லலாம். அதனைக் கடந்துவிட்டால், ஒரு மணி, இரண்டு மணி என விரைவாக நீட்டலாம்.

இப்பயிற்சி நடக்குங் காலத்தில், நாயை அதன் எல்லைக்கு மேலாகத் தனியே விடாதிருத்தலே நிபந்தனைகளுள் முதன்மையானது. பலர் தவறுவதும் இவ்விடத்திலேதான். காலையிற் பத்து நிமிடம் பழக்கிவிட்டு, அன்றே ஆறு மணி நேரம் பூட்டிச் சென்றால் பழக்கியது அழிந்துபோகும். மேல்நாட்டு மாடிவீடுகளில் இதற்கெனப் பணங்கொடுத்து ஆள் வைக்கின்றனர். இந்நாட்டில் அப்பத்தாவோ, மாமியோ, அடுத்த வளவு அம்மாவோ நாயைத் தம் விறாந்தையில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் மறுப்பதில்லை. துணைக்கு இன்னொரு நாயை வாங்கி விடுவோருமுளர். அது ஏங்குவது மனிதரை நோக்கியாதலால் இரண்டாம் நாயால் பயன் அருமையே. சிலவேளை இரண்டும் சேர்ந்து ஊளையிடும்.

சங்கிலியாற் கட்டுவதும் கூட்டில் அடைப்பதும் தீர்வாகா. அஞ்சிய நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். காலையிற் புறப்படுமுன் நாயை ஒழுங்கைவழியே நன்றாக நடத்திச் சென்று வருதல் நல்லது. வாயொடுங்கிய கனத்த பாத்திரமொன்றின் அடியில், முள் நீக்கிய மீனுஞ் சோறும் பிசைந்து அப்பிக் கொடுத்தால், மெல்லக் கலங்கும் நாய் அதில் ஈடுபட்டிருக்கும். கலக்கம் கடுமையான நாய்க்கு மருந்தும் துணைசெய்யும். குளோமிப்பிரமீன் என்னும் மருந்து இந்நோய்க்கென 1998 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதற்கே அவ்வனுமதி வழங்கப்பட்டது. மருந்து தனியே பயிற்சியின் இடத்தை நிரப்பாது. மனிதருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை மிருக வைத்தியரைக் கேளாது நாய்க்குக் கொடுப்பது பேராபத்து.

பூனைக்கு யாரும் வேண்டியதில்லை, அதற்கு வீடே போதும் என்பது நெடுநாளைய எண்ணம். 2019 இல் ஒறகன் அரச பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், ஐன்ஸ்வேர்த்தின் முறையைச் சுருக்கிப் பூனைக்குட்டிகளிடம் சோதித்தனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குட்டிகள், வளர்ப்பவர் திரும்பியதும் அவரை அணுகி அமைதியடைந்து, மீண்டும் அறையை ஆராயத் தொடங்கின. பூனை ஊளையிட்டு அயலை எழுப்பாததால் அதன் கலக்கம் எளிதிற் புலப்படுவதில்லை. உண்ணாமை, ஓயாது நக்கி மயிர் உதிர்த்தல், வீட்டார் போனபின் அவருடைய படுக்கையிற் சிறுநீர் கழித்தல் என்பன அதன் குறிகள். கடைசியிற் கூறியதைப் பழிவாங்கல் எனக் கொண்டு பூனையைச் சாக்கிற் கட்டிச் சந்தையருகே விட்டுவருவோர் உளர். வளர்ப்பவரின் மணம் செறிந்துள்ள இடத்தைப் பூனை நாடுகிறது என்றே இதனைக் கொள்ளுதல் பொருந்தும். எனினும், சிறுநீர் அடைப்பு ஆண்பூனையின் உயிரைப் போக்க வல்லதாதலால், அடிக்கடி முக்கும் பூனையை அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மேலே கூறிய பயிற்சி முழுவதும், போனவர் திரும்பி வருவார் என்ற உண்மையைப் பற்றியே நிற்கிறது. திரும்பி வராதவர் செய்தி வேறு. தோக்கியோப் பேராசிரியரான ஊயெனோவை நாள்தோறும் சிபூயாப் புகையிரத நிலையத்தில் எதிர்கொண்ட ஹச்சிகோ என்னும் நாயின் கதையைப் பலரும் அறிவர். அவர் 1925 மே மாதத்திற் பல்கலைக்கழகத்திலேயே திடீரென இறந்தார். நாய் 1935 மார்ச்சில் இறக்கும்வரை அந்நிலையத்துக்குப் போய்வந்தது. அது உயிரோடிருக்கும்போதே, 1934 இல் அங்கே அதற்குச் சிலை எழுப்பினர். ஆனால், 1932 இல் அதன் கதை செய்தித்தாளில் வெளிவருமுன்னர் நிலையத்திற் பலர் அதனை விரட்டினர் என்பதையும், ஊயெனோவின் பழைய தோட்டக்காரர் வீட்டிலேயே அது உண்டு உறங்கியது என்பதையும் சிலையைப் பாடுவோர் சொல்வதில்லை. முன்பே பழகிய அந்த ஒருவர் இருந்திராவிடில், அந்நாய் அவ்வளவு காலம் பிழைத்திருத்தல் அரிதாயிருந்திருக்கும்.

வடபகுதி ஊர்களில், குடும்பமாகக் கனடாவுக்கோ இலண்டனுக்கோ போய்விடுவோர் பின்விட்டுச் செல்லும் நாய்கள் இன்றும் உண்டு. விசா வந்த அன்று நாயை எண்ணுவதிலும், வருமென்று எதிர்பார்க்கும்போதே எண்ணுவது மேல். பொறுப்பேற்பவர் சில வாரங்கள் முன்னராகவே நாள்தோறும் வந்து தம் கையால் உணவிடல் வேண்டும்; பின்னர் நாயைத் தம் வீட்டுக்கு ஒரு மணி நேரம், அரை நாள், ஓரிரவு எனக் கொண்டுபோய்ப் பழக்குதல் வேண்டும். உண்ணும் நேரமும் அழைக்கும் பெயரும் மாறலாகாது. அது படுக்கும் பழைய சாக்கையும் கூடவே கொடுத்துவிடல் வேண்டும். கொடுக்குமுன் அதனைத் துவைத்தல் கூடாது.