எஞ்சினுக்கு ஒரு துருத்தி

மிதிவண்டிக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? கை சுடும். உராய்வினால்தான் சுடுகிறது என்று நான் வெகு நாள் எண்ணியிருந்தேன். அது பாதி உண்மையே. காற்றை அழுத்தினாலே அது சூடாகிவிடும்; இயற்கையின் நியதி அது. இந்தச் சூட்டோடுதான் விமான எஞ்சின் நிபுணர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

எஞ்சினுக்கு உணவு பெட்ரோல் என்கிறோம். ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டுமளவு செலுத்திவிடலாம். காற்றை அப்படிச் செலுத்த முடியாது. பிஸ்டன் கீழிறங்கும்போது எவ்வளவு காற்று சிலிண்டருக்குள் புகுகிறதோ அந்த அளவிற்குத்தான் வலிமை கிடைக்கும். மேலே போகப் போகக் காற்றும் மெலிந்துவிடுகிறது. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். தரையில் 1,000 குதிரைத் திறன் தரும் எஞ்சின், அங்கே மூச்சுத் திணறி ஏறத்தாழ அதில் பாதியையே தரும்.

கொல்லன் உலைக்குத் துருத்தி வைத்து ஊதுவதைப் போல எஞ்சினுக்கும் காற்றை ஊதிவிட்டால் என்ன? அப்படி ஊதும் கருவியே சூப்பர்சார்ஜர். இது வெறும் உவமையன்று. கார்களில் வெகுகாலம் பயன்பட்ட 'ரூட்ஸ்' ஊதுகருவிக்கு, அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் உரிமம் பெற்றனர். அது பிற்பாடு உலைகளுக்குக் காற்று ஊதத்தான் பெயர் பெற்றது. கார் பிறப்பதற்கு முன்பே காருக்குத் துருத்தி பிறந்துவிட்டது!

ஆனால் இந்தத் துருத்தி இலவசமாக ஊதுவதில்லை. அதைச் சுழற்றுவதும் அதே எஞ்சின்தான். ஆகவே முதற் கூலி எஞ்சினின் வலிமையிலிருந்தே போகிறது. இரண்டாவது கூலி பம்பில் நாம் கண்ட சூடு. சூடேறிய காற்று விரியும். விரிந்த காற்று சிலிண்டருக்குள் குறைவாகவே அடங்கும். எதற்காக அழுத்தினோமோ அதில் ஒரு பங்கு அங்கேயே கெட்டுப் போகிறது. கருவிக்குக் கொடுத்த உழைப்பில் எவ்வளவு பங்கு உண்மையாகவே அழுத்தமாக மாறியது என்பதுதான் அதன் பயனுறுதிறன். வீணான உழைப்பெல்லாம் கூடுதல் சூடாக மாறி அதே காற்றில் போய்ச் சேரும். திறன் குறைந்த சூப்பர்சார்ஜர், கூலியையும் வாங்கிக்கொண்டு வேலையையும் கெடுக்கும் ஆளைப் போன்றது.

ரூட்ஸ் கருவி அத்தகையதுதான். அது காற்றைத் தனக்குள் அழுத்துவதில்லை. அள்ளிக் கொண்டுபோய் முன்னால் தள்ளுகிறது. நெரிசலான பேருந்தில் நாம் முண்டியடித்து ஏறுவதைப் போல, அங்கே முன்பே அடைந்திருக்கும் காற்றோடு மோதித்தான் அது நெருங்குகிறது. சூடு ஏறாமல் என்ன செய்யும்? இங்கிலாந்தில் டாரதி பேஜட் என்னும் செல்வப் பெண்மணியின் பண உதவியோடு, ரூட்ஸ் கருவி பொருத்திய பென்ட்லி பந்தயக் கார்கள் உருவாயின. கார்களின் தந்தையாகிய பென்ட்லிக்கே அது பிடிக்கவில்லை. 1930-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தக் கார்கள் பாதியில் நின்றன. சூப்பர்சார்ஜர் இல்லாத பென்ட்லியே வென்றது.

விமானத்திற்கு வேறு வகை தேவைப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸின் 'மெர்லின்' எஞ்சினில், வளைந்த இறக்கைகள் கொண்ட ஒரு சக்கரம் நிமிடத்திற்கு 25,000 முறைக்கு மேல் சுழன்று காற்றை வெளிநோக்கி வீசி அழுத்தியது. 1938-இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்த ஸ்டான்லி ஹூக்கர் பொறியாளர் அல்லர், கணிதம் பயின்றவர். (தாம் பெரிய பொறியாளர் ஒன்றும் இல்லை என்னும் பொருளிலேயே பின்னாளில் தம் வரலாற்று நூலுக்குப் பெயர் வைத்தார்!) அந்தச் சூப்பர்சார்ஜரின் சோதனைக் கணக்குகளை அவர் ஆராய்ந்தார். உள்ளே நுழையும் குழாயின் வளைவிலேயே காற்று தடைபடுவதைக் கண்டார். குழாயையும் இறக்கைகளையும் திருத்தியமைத்தார். எஞ்சின் அதேதான், ஆயினும் முன்னிலும் அதிக உயரத்தில் முழு வலிமை தந்தது.

அது மட்டும் போதவில்லை. 1941-இல் ஜெர்மனியின் ஃபோக்கே உல்ஃப் 190 வானில் தோன்றியது. அன்றைய ஸ்பிட்ஃபயர் விமானங்கள் அதனிடம் தோற்றன. பல விமானிகள் திரும்பி வரவில்லை. அப்போது குண்டுவீச்சு விமானத்திற்கென ஹூக்கரின் குழு ஒரு புதிய மெர்லினை உருவாக்கி வந்தது. அதையே ஸ்பிட்ஃபயரில் பொருத்தினார்கள். ஒரு சக்கரம் அழுத்திய காற்றை இரண்டாவது சக்கரம் மேலும் அழுத்தும். பிறகு அந்தச் சூடான காற்று, குளிர்ந்த நீர்மம் ஓடும் ஒரு பெட்டி வழியாகச் சென்று ஆறும். ஆறிய பின்னரே சிலிண்டருக்குள் போகும். பம்பின் சூட்டை வென்றது இந்தப் பெட்டிதான்; எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. கீழே தடித்த காற்றில் வீணாக வேகமாய்ச் சுழலாதிருக்க, லாரிக்கு உள்ளதைப் போல இரண்டு கியர்களும் உண்டு. போர் தொடங்கியபோது இருந்த மெர்லினைவிட, இது 30,000 அடியில் ஏறக்குறைய இரு மடங்கு வலிமை தந்தது.

எஞ்சினின் கழிவு வாயுவைக் கொண்டே சுழலும் டர்போசார்ஜர் இன்னொரு வகை. இன்றைய கார்களிலும் லாரிகளிலும் பெரும்பாலும் அதுதான் உள்ளது.

புதிய ஸ்பிட்ஃபயர் 9, 1942 ஜூலையில் படையில் சேர்ந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் பழைய 5-க்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. எதிரே வருவது எது என்று ஜெர்மானிய விமானியால் அருகில் வரும்வரை சொல்ல முடியவில்லை.