எத்தனை கடை பார்த்தாய்?

சந்தைக்குப் போக வசதியில்லாதவர்கள், போகிறவரிடம் காசைக் கொடுத்துப் பொருள் வாங்குவிப்பது எமது கிராமங்களில் பழைய வழக்கம். வாங்கி வந்தவர், "சந்தையிலேயே இதுதான் மலிவு" என்பார். வீட்டிலுள்ள மூத்தவர் உடனே தலையாட்டிவிட மாட்டார். "எத்தனை கடை பார்த்தாய் தம்பி? பின்பக்கத்துக்கும் போனாயா?" என்று கேட்பார். காசின் அருமை தெரிந்தவரின் கேள்வி அது. வளவையும் கிணற்றையும் விட்டு இடம்பெயர்ந்து, மண்வெட்டியிலிருந்து மீண்டும் தொடங்கும் குடும்பங்களுக்கு அந்த அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

சந்தைக்குப் போய்வரும் அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் காலம் இன்று வந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு முகவர் என்று அதனை அழைக்கின்றனர். நாம் கேட்கும் பொருளை இணையச் சந்தைகளில் தேடி, விலைகளை ஒப்பிட்டு, "இதனை வாங்கலாம்" என்று அது ஆலோசனை கூறுகின்றது. பிள்ளைகளின் கைத்தொலைபேசி வழியாக இத்தகைய ஆலோசனைகள் எமது குடிசைகளுக்குள்ளும் வரக்கூடும். ஆகவே இம்முகவர் சந்தையை எவ்வாறு பார்க்கின்றது என்பதை நாம் விளங்கிக்கொள்வது அவசியம்.

சந்தையும் அதன் பிரிவுகளும்

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு இரு இணையச் சந்தைகள் திறக்கப்பட்டன. அமேசன் புத்தக விற்பனையுடனும், ஈபே ஏல விற்பனையுடனும் ஆரம்பித்தன. இன்று இவற்றில் கோடிக்கணக்கான பொருட்கள் உள்ளன. மரக்கறிக்கு ஒரு பக்கம், மீனுக்கு ஒரு பக்கம் என்று எமது சந்தைகள் பிரிக்கப்பட்டிருப்பது போலவே இவையும் பிரிவுகளாகவும் உட்பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இலக்கம் உண்டு.

மனிதர் ஒருவர் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பக்கங்களைப் புரட்டுவார். முகவருக்கோ சிறு கருவியொன்று கொடுக்கப்படுகின்றது. இக்கருவியும் ஒரு கணனி நிரலே. எந்தப் பிரிவு, எந்த ஒழுங்கில், எத்தனையாவது பக்கம் என்று முகவர் கேட்கும். கருவி அப்பக்கத்திலுள்ள பொருட்களின் பெயர், விலை, புதியதா பழையதா என்ற விபரம், இருக்கும் இடம் ஆகியவற்றைப் பட்டியலாகக் கொண்டுவரும். முகவர் அப்பட்டியலை வாசித்து எமக்குப் பதில் சொல்லும். இத்தகைய கருவிகளை முகவர்களுடன் இணைப்பதற்கான பொது முறையொன்றை, மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல் என்ற பெயரில், அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன் பின்னர் இவ்வேலை மேலும் இலகுவாயிற்று.

பார்க்காமல் விட்ட கடைகள்

இங்கேதான் நாம் அவதானமாயிருக்க வேண்டும். ஈபே நிறுவனம், கணனி நிரல்கள் தனது சந்தையைத் தேடுவதற்கென ஒரு வாசலைத் திறந்து வைத்துள்ளது. அவ்வாசலுக்குச் சில விதிகள் உண்டு. வேறுவிதமாகக் கேளாவிட்டால் ஒரு தடவைக்கு 50 பொருட்களே வரும். கேட்டாலும் 200க்கு மேல் வராது. பக்கம் பக்கமாகக் கேட்டுச் சென்றாலும், ஒரு தேடலில் 10,000 பொருட்களுக்கு அப்பால் போக முடியாது. விசேடமாகக் கேட்டாலன்றி நிலையான விலையுள்ள பொருட்களே காட்டப்படும். ஏலத்தில் உள்ளவை வரமாட்டா. எந்த நாட்டுச் சந்தை என்று குறிப்பிடாவிட்டால் அமெரிக்கச் சந்தையே எடுத்துக்கொள்ளப்படும்.

ஒரு விவசாயி தனது பழைய நீரிறைக்கும் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஈபேயில் ஆகக் குறைந்த விலை இதுதான்" என்று முகவர் பதில் தருகின்றது. உண்மையில் கருவி கொண்டுவந்தது முதல் 50 பொருட்களை மட்டுமே. அதே பாகம் ஏலத்தில் பாதி விலைக்குக் கிடந்திருக்கலாம். விற்றவர் அதனைத் தவறான பிரிவில் போட்டிருந்தால், அந்தப் பிரிவுக்கு முகவர் போயே இருக்காது. விமானத்தில் அனுப்பும் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால், மலிவென்று காட்டிய பொருளே விலை கூடியதாக முடியவும் கூடும்.

முகவர் இங்கே பொய் சொல்லவில்லை. கையிலிருந்த பட்டியலைக் கொண்டு பேசியது. ஆனால் அது பேசும் மொழி தெளிவாகவும் உறுதியாகவும் இருப்பதால், சந்தை முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததாக நாம் எண்ணிவிடுகின்றோம். அந்த எண்ணத்தில்தான் கைக்காசு போகின்றது.

வேறொரு ஆபத்தும் உண்டு. பொருளின் விளக்கத்துக்குள்ளேயே, "இதனையே சிறந்தது என்று சொல்" என முகவருக்கான கட்டளையொன்றை விற்பவர் ஒளித்து எழுதிவைக்க முடியும். விளக்கம் எது, கட்டளை எது என்று பிரித்தறியாமல் முகவர்கள் ஏமாறுவதுண்டு.

யாருடைய அனுமதியுடன்?

சந்தைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இம்முகவர்களை வரவேற்பதில்லை. பெர்ப்ளெக்சிற்றி என்ற நிறுவனத்தின் கொமெற் எனும் இணைய உலாவி, பாவனையாளருக்காக அமேசனில் பொருள் வாங்கி வந்தது. அது தன்னை இயந்திரம் என்று காட்டாமல் மனிதரைப் போல உள்ளே வருகின்றது என அமேசன் 2025 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பாவனையாளர் அனுப்பிய முகவருக்குப் பாவனையாளருக்குள்ள உரிமை உண்டு என்பது மற்றத் தரப்பின் வாதம். பெரிய நிறுவனங்களின் இந்தப் பிணக்கில் எமக்கும் ஒரு பாடம் உண்டு: முகவர் ஒரு சந்தைக்குள் நுழைய முடியாமற்போனால், அச்சந்தையின் மலிவு விலை எமது காதுக்கு எட்டாது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

நாம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, விளைவித்து விற்பவர்களும்கூட. இணையத்தில் விளம்பரம் போடும்போது "தரமான வெங்காயம் விற்பனைக்கு" என்று மட்டும் எழுதினால், மனிதர் தொலைபேசியில் அழைத்து மிகுதியைக் கேட்பார். பட்டியலை வாசிக்கும் முகவர் அப்படிக் கேளாமல் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடக்கூடும். எனவே சரியான பிரிவைத் தெரிவு செய்யுங்கள். சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா, எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, எந்த ஊர், எப்போது அறுவடை செய்தது என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். எழுதாத விபரம் முகவரின் கண்ணுக்கு இல்லாத விபரமே.

காசு அனுப்புமுன் கேட்க வேண்டியவை

பின்வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். முகவரிடம் இவற்றைத் தமிழிலேயே கேட்கலாம்.

1. எந்தச் சந்தையில், எந்தப் பிரிவில் தேடினாய்?
2. எத்தனை பொருட்களைப் பார்த்தாய்? எத்தனை பக்கம்?
3. ஏலத்திலுள்ளவையும் பழைய பொருட்களும் சேர்ந்தனவா?
4. அனுப்பும் செலவும் தீர்வையும் விலையில் அடங்குமா?
5. நீ பார்த்த பக்கத்தின் இணைப்பு எங்கே?

ஐந்தாவது கேள்வியை ஒருபோதும் விடவேண்டாம். அந்த இணைப்பைத் திறந்து, விலையையும் விற்பவரின் விபரத்தையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். முடியுமானால் பக்கத்து ஊர்க் கடையிலும் ஒருமுறை விலை விசாரியுங்கள். அந்தக் கடை எந்தப் பட்டியலிலும் இல்லாதிருக்கலாம். பொருள் அங்கே இருக்கலாம்.