துடைப்பம் பிடிக்கும் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது?



காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்குகிறவர்கள் நாம். பகலில் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்பது நமக்கே சரியாகத் தெரியாது. வீட்டம்மாவும் கடையில் கைகொடுக்கிறார். பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியே போய்விடுகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது வயதான தாய் தந்தையர் மட்டுமே. கீழே கடை, மேலே வீடு என்று குடியிருப்பவர்கள் நம்மில் பலர். மறுநாள் சரக்குக்குக் கட்ட வேண்டிய ரொக்கம், வீட்டு நகை, குடோன் சாவி, பற்று வரவுக் கணக்கு எல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கின்றன. அங்கே பெருக்கித் துடைக்க ஒருவரை உள்ளே விடுவது சின்ன விஷயமல்ல.

முன்பெல்லாம் இதைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இருந்ததில்லை. பக்கத்துத் தெரு அம்மாள் வருவார். அவருடைய வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாரையும் நமக்குத் தெரியும். அவர்களும் நம் கடையில்தான் சாமான் வாங்குவார்கள். இன்று நிலைமை வேறு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி வரை அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்துவிட்டன. 'கிளீனிங் சர்வீஸ்', 'ஹவுஸ்கீப்பிங்' என்று போர்டுகளும் செல்போன் விளம்பரங்களும் பெருகிவிட்டன. முன்பு தெருவே ஆளுக்கு ஜாமீன். இன்று அந்த ஜாமீனை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் ஒருவரை நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் துன்பம் என்று வள்ளுவர் அதில் சொல்கிறார். வியாபாரிக்கு இது புதிதல்ல. புதுப் பார்ட்டிக்குக் கடனில் சரக்கு போடுமுன் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். போட ஆரம்பித்த பின் தினமும் அவர் கடை வாசலில் போய் நிற்பதில்லை. வீட்டு வேலைக்கும் அதே முறைதான்.

முதலில் நிறுவனத்தை விசாரியுங்கள்

செல்போன் எண் மட்டும் இருந்து விலாசம் இல்லாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். நேரில் போய்ப் பார்க்கக்கூடிய அலுவலகம் வேண்டும். ஜி.எஸ்.டி. எண் இருந்தால், அதில் 15 எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்த விலாசத்தில் பதிவு என்று தெரிந்துவிடும். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு நிறுவனம் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதனால் பதிவு இல்லை என்பது மட்டும் குற்றமல்ல. ஆனால் பதிவு இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்து வசூலித்தால், அது நாணயமான நிறுவனம் அல்ல என்று அங்கேயே முடிவு கட்டலாம்.

தீபாவளி, பொங்கல் சமயத்தில் 'வீடு முழுவதும் சுத்தம், பாதி விலை' என்று விளம்பரம் வரும். முன்பணம் கேட்டு லிங்க் அனுப்புவார்கள். பிறகு 'பணம் திருப்பித் தருகிறோம், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்' என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அடுத்து, வருகிற ஆளை விசாரியுங்கள்

யார் வருகிறார் என்று பெயர், போட்டோவோடு நிறுவனம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆள் மாறினால் அதையும் சொல்ல வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி, வீட்டுப் பணியாளரைப் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் ஏற்கெனவே செய்திருந்தால் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். அந்தச் சான்று ஒருவர் மேல் வழக்கு உண்டா இல்லையா என்றுதான் சொல்லும். அவருடைய குணத்தைச் சொல்லாது.

ஆதார் நகல் வாங்கினால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகலே போதும். அவர்களுடைய தாளை நாம் பத்திரமாக வைத்திருப்பதும் நாணயத்தில் சேர்ந்ததுதான். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் சட்டப்படி குற்றம். 'அம்மாவுக்குத் துணையாக வந்தது' என்று ஒரு சிறுமி வந்து வாளியைத் தூக்கினால், அனுமதிக்காதீர்கள்.

முக்கியமான கேள்வி

இதுவரை சொன்னவை எல்லாரும் சொல்பவை. நம்மில் பலர் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. நாம் கொடுக்கும் பணத்தில் துடைப்பம் பிடிக்கும் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நாம் நிறுவனத்துக்கு மாதம் ரூ.6,000 கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் வேலை செய்யும் பெண்ணுக்கு ரூ.3,000 மட்டும் போகிறது. எதிர்வீட்டில் ரூ.3,500 என்றால் அவர் போய்விடுவார், அதில் தப்பில்லை. நிறுவனம் அடுத்த ஆளை அனுப்பும். இரண்டு மாதத்தில் அவரும் போவார். வருஷம் முடிவதற்குள் ஐந்தாறு பேருக்கு நம் வீட்டுப் பீரோ எங்கே இருக்கிறது, பெரியவர் எப்போது தூங்குவார், கடைப் பணம் எப்போது மேலே வரும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவர்கள் அத்தனை பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் யாரோடும் நமக்குப் பழக்கம் ஏற்பட்டிருக்காது. பழக்கம் இல்லாத இடத்தில் நம்பிக்கை எங்கிருந்து வரும்? மலிவாகக் கிடைத்த சர்வீஸில் நாம் மிச்சம் பிடித்தது இவ்வளவுதான்.

நிறுவனம் லாபம் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நாமும் லாபம் வைத்துத்தான் விற்கிறோம். ஆள் வராத நாளில் மாற்று ஆள், போக்குவரத்து, சோப்பு, இயந்திரம், வரி என்று அவர்களுக்கும் செலவு உண்டு. ஆனால் கூலியைக் கசக்கி வரும் லாபம் நம் வீட்டுப் பாதுகாப்பையே கசக்குகிறது.

தமிழ்நாடு அரசு வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை 2018-ல் மணிக்கு ரூ.37 என்ற அளவில் தொடங்கி நிர்ணயித்தது. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம். அன்றைய கணக்கில் ரூ.1,924. அது அன்று வைத்த அடிமட்ட அளவு. இன்று அரிசி விற்கிற விலையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்தக் காசில் இன்று யாரும் குடும்பம் நடத்த முடியாது.

பத்து பேருக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனத்திடம் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். இருபது பேருக்கு மேல் என்றால் பி.எஃப். பற்றியும் கேளுங்கள். இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், மொத்தம் நான்கு சதவீதம்தான். அதைக்கூடக் கட்டாத நிறுவனம், தன் ஆள் நம் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் யார் தலையில் செலவைக் கட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு தாள் பார்க்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி. முதல் நாள் வரும் பெண்ணிடம் மரியாதையாக, "அம்மா, இந்தக் கம்பெனியில எத்தனை நாளா வேலை பாக்கறீங்க?" என்று வீட்டம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். 'நாலு வருஷம்' என்று பதில் வந்தால் அது ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம். வருகிறவர்கள் எல்லாருமே 'போன வாரம்தான் சேர்ந்தேன்' என்றால் அந்த நிறுவனத்தின் லட்சணம் தெரிந்துவிடும். தன் ஆட்களே நம்பித் தங்காத நிறுவனத்தை நாம் எப்படி நம்புவது?

ஒரே ஒரு தாள் போதும்

வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்த அறை, எந்தெந்த வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மாதம் எத்தனை நாள் லீவு, சோப்பும் பினாயிலும் யார் வாங்குவது, சாமான் உடைந்தால் யார் பொறுப்பு, சாவி யாரிடம் இருக்கும், நிறுத்த வேண்டுமானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வேலையில் குறை வைத்து நிறுவனம் கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அங்கே முதலில் கேட்பது பில்லைத்தான்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை

கல்லாப் பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு 'பார்ப்போம், எடுக்கிறாளா' என்று சோதிக்கிறவர்கள் உண்டு. இது வியாபாரிக்கு அழகல்ல. பணமும் நகையும் பூட்டுக்குள் இருக்கட்டும். குடோன் சாவியையும் வீட்டுச் சாவியையும் ஒரே கொத்தில் மாட்டாதீர்கள். கேமரா வைத்தால் வாசல், கூடம் போன்ற இடங்களோடு நிறுத்திக்கொண்டு, அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு பொருள் காணவில்லை என்றால் முதலில் வீட்டாரைக் கேளுங்கள்; நிதானமாகத் தேடுங்கள். சந்தேகம் வலுத்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முதலாளியின் பொருளை வேலையாள் திருடினால், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் அறையில் பூட்டி வைப்பது, பையைப் பிடுங்கிச் சோதிப்பது, கை நீட்டுவது எல்லாம் நம்மைக் குற்றவாளியாக்கும். தவறாகப் பழி சுமந்த பெண்ணுக்கு அந்தத் தெருவில் அடுத்த வேலை கிடைக்காது என்பதையும் நினைக்க வேண்டும். வீட்டு ஆண்கள் முறைகேடாக நடந்தால் கேட்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்களும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறார்கள்.

ஆசிடும் செப்டிக் டேங்கும்

பிளீச்சிங் பவுடர், ஆசிட் இரண்டையும் நம் கடையிலேயே விற்கிறோம். இரண்டையும் கலந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வேலை செய்பவருக்கும் சொல்லுங்கள், வாங்க வருகிற வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கள். மார்பிள், மொசைக் தரையில் ஆசிட் ஊற்றினால் பளபளப்பு போய்விடும், போனது திரும்பாது.

செப்டிக் டேங்கில் ஆளை இறக்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை, ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைக் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கூறியது. 'நாங்களே ஆள் வைத்து முடித்துத் தருகிறோம்' என்று எந்த நிறுவனம் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள்.

நேரடியாக ஆள் வைப்பவர்களுக்கு

நிறுவனம் வேண்டாம், தெரிந்த அம்மாளே போதும் என்பவர்கள் அவரை நல வாரியத்தில் சேரச் சொல்லுங்கள். தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் தொழிலாளர் துறை மூலம் பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, மரணம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவருக்கு நம் கடைக் கணக்குப்பிள்ளை அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரட்டும், அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு யோசனை. நம் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் போடலாம். சர்வீஸ் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நிறுவனத்தின் பெயர், விலாசம், எத்தனை மாதமாக வருகிறார்கள், அதே ஆள் வருகிறாரா, மாதம் எவ்வளவு, பில் உண்டா என்ற ஆறு விவரத்தை மட்டும் அதில் எழுத வேண்டும். பணியாளர்களின் சொந்த விவரம் வேண்டாம். ஒரே தெருவில் உள்ள நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே நிறுவனத்தை வைத்தால், ஒரே அம்மாளுக்கு முழு நாள் வேலையும் முழுச் சம்பளமும் கிடைக்கும். நமக்கும் தெரிந்த முகமே தினமும் வரும். அடுத்த செயற்குழுவில் இதைப் பேசி முடிவெடுக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.